தொழில் முதனிலையும் பணி விவரிப்பும்: கட்டுமானத் தொழிலாளர்க்கான தமிழ் உரைநடை

ஆய்வுச்சுருக்கம்

கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் என்ன செய்ய வேண்டும், எதனைச் செய்ய வேண்டியதில்லை, யாருக்குப் பொறுப்பானவர் என்பவற்றை எழுத்தில் வரையறுக்கும் உரையைப் பணி விவரிப்பு என்கிறோம். இவ்வகை உரை தமிழில் பெரும்பாலும் ஆங்கிலப் படிவங்களின் வழியே உருவாகித் தொழிற்பெயர்களின் பட்டியலாக நின்றுவிடுகிறது. தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் கூறும் தொழில் முதனிலை எட்டினையும் வினாக்களாகக் கொண்டால், அப்பட்டியலில் விடுபடுவன எவை என்பதைக் கண்டறியலாம். சித்தாள் என்னும் பணிப்பெயரை முதன்மைச் சான்றாகக் கொண்டு, விவரிப்பின் தெளிவின்மை ஊதியத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கும் முறையையும், தெளிவான விவரிப்புக்கு உரிய வினைவடிவம், சொல்தேர்வு, அளவு, வரம்பு ஆகியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பணி விவரிப்பு, தொழில் முதனிலை, சித்தாள், தொழிற்பெயர், பயன்பாட்டுத் தமிழ், கட்டுமானத் தொழில்.

1. முன்னுரை

தமிழ் உரைநடை பற்றிய ஆய்வுகள் இலக்கிய உரைநடை, உரையாசிரியர் உரைநடை, இதழியல் உரைநடை, ஆட்சித்தமிழ் ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளன. ஆட்சித்தமிழை ஆராய்ந்தோர், 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து அலுவலகங்களில் உருவான கோப்புநடையையும் கலைச்சொல்லாக்கத்தையும் மதிப்பிட்டுள்ளனர். அலுவலகத்திற்கு வெளியே, பணிக்களத்தில் ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையே பொறுப்பை நிறுவும் சிறிய உரைகளோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பணி விவரிப்பு அவ்வகையைச் சார்ந்தது. அது அரைப்பக்க அளவினதே. எனினும் ஒருவரின் கூலி, அவர் சுமக்கும் எடை, அவர் ஏறும் உயரம், விபத்து நேர்ந்தால் விடைசொல்ல வேண்டியவர் ஆகிய அனைத்தும் அவ்வரைப்பக்கத்தின் சொற்களைச் சார்ந்துள்ளன.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழில் நெடுங்காலமாக வாய்மொழி ஒப்பந்தத்தின் மீதே நடைபெற்று வந்துள்ளது. மேஸ்திரி ஆள் சேர்ப்பார். வேலை இன்னது எனக் களத்தில் சொல்வார். கூலி நாள் முடிவிலோ கிழமை முடிவிலோ கைக்கு வரும். வாய்மொழியில் விடுபடுவதைக் களமே நிரப்பிவிடும் என்பது இம்முறையின் நம்பிக்கை. வேலையின் வரையறை எழுத்துக்கு வரும்போது அந்நம்பிக்கை செல்லாது. எழுத்தில் விடுபட்டதை யாரும் தம் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ள இயலும். வலியவர் நிரப்புவதே பெரும்பாலும் நிலைக்கும்.

2. எழுத்து வரையறையின் இன்றைய தேவை

உடலுழைப்புத் தொழிலாளர்க்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்க்கான நடுவண் சட்டம் 1996இல் வந்தது. பதிவு பெற விரும்புவோர் 18 வயது நிறைந்து 60 வயது நிறையாதவராகவும், முந்தைய 12 மாதங்களில் 90 நாள்களுக்குக் குறையாமல் கட்டுமான வேலை செய்தவராகவும் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் வரையறுத்தது. பதிவின்போது தொழிலின் பெயரைக் குறிக்க வேண்டும். எழுத்தில் அமைந்த தொழிற்பெயர் ஒன்று தொழிலாளரின் வாழ்வில் இடம்பெற்றது இவ்வாறே.

2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு தன் 6ஆம் பிரிவில், வேலையளிப்பவர் தம் பணியாளர்க்குப் பணியமர்த்தல் கடிதம் வழங்க வேண்டும் என்கிறது. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே, தொழிலின் பெயரைத் தாண்டித் தொழிலின் விவரிப்பும் எழுத்துக்கு வரும் காலம் இது. அவ்விவரிப்பு எம்மொழியில், எந்நடையில் அமையும் என்பது தமிழாய்வாளர் புறந்தள்ளத்தக்க வினா அன்று.

3. தொழில் முதனிலை எட்டு

ஒரு வினைச்சொல் உணர்த்தும் தொழிலுக்கு அடிப்படையாக எட்டுக் கூறுகளைத் தொல்காப்பியர் வகுக்கிறார். வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன் என்பன அவை. செய்வது என்பது வினைமுதலைக் குறிக்கும். இன்னதற்கு என்பது அத்தொழிலின் விளைவை ஏற்பவரையும், இதுபயன் என்பது தொழிலால் விளையும் பயனையும் சுட்டும். உரையாசிரியர்கள் இதனைக் குயவர் குடம் வனையும் தொழிலைக் கொண்டு விளக்குவர். வனைதல் என்னும் ஒரு சொல்லுக்குள் வனைபவர், குடம், வனையும் இடம், பொழுது, திகிரி, குடத்தைக் கொள்பவர், அதனால் வரும் பயன் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. இவற்றுள் சில, வழக்கில் குன்றி வருதலும் உண்டு என்பதை அடுத்த நூற்பா ஏற்கிறது. பின்னர் நன்னூலார் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறனைக் கூறுகிறார்.

இலக்கண நூலார் தொடர் அமைப்பையே விளக்கினர். பணி விவரிப்பு எழுதும் முறையைக் கற்பிக்க முனையவில்லை. இருப்பினும் தொழிலை முழுமையாக அறிய எவை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் தந்த விடை, தொழிலை முழுமையாக எழுத எவை இடம்பெற வேண்டும் என்பதற்கும் பொருந்துகிறது. தச்சு, கொத்து, கம்பி என எவ்வேலையை எடுத்துக்கொண்டாலும் எழுதுவோர் எட்டு வினாக்களைத் தொடுக்கலாம்: என்ன செய்கிறார்? யார் செய்கிறார்? எதனைச் செய்கிறார்? எங்கு? எப்போது? எக்கருவியால்? யார்பொருட்டு? என்ன பயன் கருதி?

இவ்வளவுகோலைக் கொண்டு, வழக்கில் உள்ள நடையைப் பின்பற்றி இங்கு அமைத்துக்கொண்ட மாதிரி ஒன்றை நோக்கலாம்: ‘கொத்தனாருக்கு உதவுதல், பொருள்களைக் கையாளுதல், பணியிடத்தைத் தூய்மையாக வைத்திருத்தல், தேவைப்படும் பிற பணிகளைச் செய்தல்.’ இதில் வினை நான்கு உள்ளன. ஆனால் உதவுதல், கையாளுதல், செய்தல் ஆகிய மூன்றும் எத்தொழிலுக்கும் பொருந்தும் பொதுவினைகள். பொருள்கள் எவை என்பது இல்லை. தரைமட்டத்திலா, மூன்றாம் தளத்திலா என்பது இல்லை. காலம், கருவி, பயன் எவையும் இல்லை. எட்டு முதனிலைகளுள் வினையும் செயப்படுபொருளும் மட்டுமே, அவையும் மங்கலாக, இடம்பெற்றுள்ளன. வழக்கில் முதனிலைகள் குன்றலாம். கேட்பவர் எதிரில் நின்று சூழலால் உணர்ந்துகொள்வார் என்பதே அதற்குக் காரணம். சூழலைவிட்டுப் பிரிந்து பல மாதம் கழித்தும் படிக்கப்படும் எழுத்தில் அவை குன்றினால் ஈடுசெய்ய வழியில்லை.

4. பெயரும் வேலையும்: சித்தாள்

சிற்றாள் என்பது பேச்சில் சித்தாள் ஆயிற்று. சிறுமை என்னும் அடையும் ஆள் என்னும் பெயரும் சேர்ந்த சொல் இது. ஈற்றில் உள்ள ‘ஆள்’ பெண்பால் விகுதி அன்று. எனினும் கட்டுமானக் களத்தில் சித்தாள் என்றால் பெண் என்றே பெரும்பாலும் பொருள்படுகிறது. ஆண் உதவியாளர் பெரியாள் எனப்படுகிறார். சில வட்டாரங்களில் நிமிந்தாள் என்பது வழக்கு. கொத்தன் என்னும் பெயரோ ‘ஆர்’ விகுதி பெற்றுக் கொத்தனார் என மதிப்போடு நிற்கிறது. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த மேஸ்திரி என்னும் சொல்லிலும் தலைமை உள்ளது. இவ்வாறு பெயர்களின் வரிசையே ஓர் அடுக்கைக் காட்டுகிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர் ஆகியோர் செய்யும் தொழிலால் பெயர் பெறுகின்றனர். சித்தாளும் பெரியாளும் தொழிலால் அன்றி அளவால் பெயர் பெறுகின்றனர். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்வதில்லை.

பெயர் சொல்லாததை விவரிப்பாவது சொல்ல வேண்டும். ‘கொத்தனாருக்கு உதவுதல்’ என்னும் தொடர் அதனையும் மறைத்துவிடுகிறது. உண்மையில் சித்தாள் மணலைச் சலிக்கிறார், செங்கல்லை நனைக்கிறார், சிமெண்டையும் மணலையும் குறித்த விகிதத்தில் அளந்து குழைக்கிறார். ஈர மணல் பருமனில் பெருகி நிற்கும் என்பதால், அளவுப்பெட்டி நிறைந்திருந்தாலும் உள்ளிருக்கும் மணல் குறைவு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். பூச்சுக்கு உரிய பதம் வேறு, கட்டுக்கு உரிய பதம் வேறு என்பதைக் கை உணர்வால் பிரித்தறிகிறார். கொத்தனாரின் கைவேகத்தைக் கணித்து, கலவை தீருமுன் அடுத்த சட்டியைச் சேர்க்கிறார். முந்தைக் கலவை இறுகிவிடாமலும் அடுத்த கலவை தாமதமாகாமலும் பார்த்துக்கொள்வது எளிய செயல் அன்று. சுவரின் உறுதி இதனைச் சார்ந்துள்ளது.

விவரிப்பின் குறை ஊதியத்தில் எதிரொலிக்கும் வழி தெளிவானது. பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் செங்கல் கட்டுவோர் 7112 என்னும் குறியீட்டின்கீழ் இரண்டாம் திறன்நிலையிலும், கட்டடக் கூலியாள்கள் 9313 என்னும் குறியீட்டின்கீழ் முதல் திறன்நிலையிலும் வைக்கப்பட்டுள்ளனர். இந்தியாவின் 2015ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாடு இவ்வமைப்பையே தழுவியது. குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளிலும் திறன்சாரா, பகுதித்திறன், திறன்மிகு என்னும் பிரிவுகள் உள்ளன. ‘உதவுதல்’ என எழுதப்பட்டவர் திறன்சாராப் பிரிவில் அமைவார். ‘விகிதம் அளந்து கலவை குழைத்தல், பதம் அறிதல்’ என எழுதப்பட்டவர் எப்பிரிவில் அமைய வேண்டும் என்பது குறைந்தது ஒரு வினாவாகவேனும் எழும். விவரிப்பு கூலியை உயர்த்திவிடாது; கூலி பற்றிய வாதத்திற்குச் சான்றாகும்.

சம ஊதியம் பற்றிய சட்டத்திலும் இந்நிலையே உள்ளது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுடைய வேலைக்கும் ஆண், பெண் வேறுபாடின்றி ஊதியம் அளிக்கப் பணித்தது. ஒத்த தன்மை என்பதைத் திறன், உழைப்பு, பொறுப்பு ஆகிய மூன்றையும் கொண்டு, ஒத்த பணிச்சூழலில் அளவிட வேண்டும் என்றது. இக்கோட்பாட்டை 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் ஏற்றுக்கொண்டது. சித்தாளின் கூலி பெரியாளின் கூலியைவிடக் குறைவாக இருப்பது களத்தில் அனைவரும் அறிந்த நடைமுறை. இருவர் வேலையும் ஒத்தவையா என ஆராய, இருவர் வேலையும் முதலில் எழுத்தில் இருத்தல் வேண்டும். இரண்டும் ‘உதவுதல்’ என்றே எழுதப்பட்டிருப்பின் திறன் எது, உழைப்பு எது, பொறுப்பு எது எனப் பிரிக்க இயலாது.

சித்தாள் என்னும் பெயரையே நீக்கிப் புதுப்பெயர் சூட்ட வேண்டும் என்னும் கருத்தும் எழலாம். சிறுமை அடையுடன் ஒருவரை அழைப்பது கூடாது என்பது நியாயமே. ஆயினும் விவரிப்பு மாறாமல் பெயர் மட்டும் மாறினால் பழைய கூலியே புதிய பெயரில் தொடரும். களத்தில் வழங்கும் பெயரைக் காட்டி, அதன் அருகில் பொறுப்பைக் குறித்து, ‘சித்தாள் – கலவைப் பொறுப்பு’ என எழுதுவது இடைவழி. பொறுப்பின் பெயர் நிலைபெற்றபின் பழம்பெயர் தானே உதிரக்கூடும்.

5. வினைவடிவத் தேர்வு

தொழிற்பெயர் வினைமுதலையும் காலத்தையும் காட்டாதது. ‘சாரத்தின் உறுதியைச் சரிபார்த்தல்’ என்னும் தொடர் கொத்தனார், சித்தாள், பெரியாள் ஆகிய மூவர் விவரிப்பிலும் இடம்பெற்றால் யாரேனும் ஒருவர் பார்த்திருப்பார் என மூவரும் எண்ணிக்கொள்வர். செயப்பாட்டு வினையும் இத்தகையதே. ‘வேலை தொடங்குமுன் சாரம் சரிபார்க்கப்பட வேண்டும்’ என்பதில் செய்வது என்னும் முதனிலை மறைந்துள்ளது.

செயப்படுபொருளையே செய்தது போலக் கூறுதலும் வழக்கில் உண்டு எனத் தொல்காப்பியர் கூறுவார். அதற்கு உரையாசிரியர்கள் தரும் ‘திண்ணை மெழுகிற்று’ என்னும் எடுத்துக்காட்டு கட்டட வேலையோடு நெருங்கிய ஒன்று. மெழுகியவர் யார் என்பது அங்கே தேவைப்படவில்லை. மெழுகி முடிந்தது என்னும் செய்தியே போதும். களப்பேச்சில் வழங்கும் ‘சாரம் கட்டியாச்சு’, ‘தளம் போட்டாச்சு’ என்பனவும் வினைமுதலைச் சொல்லாமல் வினை முடிவை மட்டும் தெரிவிக்கின்றன. பேச்சில் இயல்பான இவ்வமைப்பு, பொறுப்பை நிறுவ வேண்டிய எழுத்தில் ஆபத்தாகிறது. ‘சாரத்தின் முட்டுகளையும் கட்டுகளையும் மேற்பார்வையாளர் ஒவ்வொரு நாளும் காலையில் பார்ப்பார், அவர் ஒப்புதல் தருமுன் எவரும் அதில் ஏற மாட்டார்’ என எழுதினால் வினைமுதல், செயப்படுபொருள், காலம் மூன்றும் வெளிப்படுகின்றன.

எம்முற்றைப் பயன்படுத்துவது என்பதும் ஆராய்தற்குரியது. ‘செய்யவும்’ என்னும் வடிவம் அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். விவரிப்பில் அது கட்டளைகளின் தொகுப்பாகிவிடுகிறது. ‘செய்வீர்கள்’ என முன்னிலையில் எழுதுவது ஆங்கிலக் கடிதநடையின் சாயல் கொண்டது. ‘சலிப்பார், அளப்பார், குழைப்பார்’ எனப் படர்க்கைப் பலர்பால் எதிர்கால முற்றில் எழுதுவது தமிழுக்கு இயல்பானது. இதனால் மூன்று நன்மைகள் விளைகின்றன. தமிழில் எதிர்கால முற்று வழக்கமாக நிகழும் செயலையும் உணர்த்துமாதலால் நாள்தோறும் செய்யும் வேலைக்கு அது பொருந்துகிறது. ‘ஆர்’ விகுதி ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. கொத்தனாருக்குக் கிடைக்கும் அதே மதிப்பு சித்தாளுக்கும் வினைமுற்றில் கிடைக்கிறது.

6. சொல்தேர்வு: களச்சொல்லும் ஆக்கச்சொல்லும்

கட்டுமானத் தமிழில் மூன்று அடுக்குச் சொற்கள் உள்ளன. தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், கரணை, சாந்துச்சட்டி, சல்லடை, சாரம், முட்டு எனத் தொழில்வழி வந்தவை ஓர் அடுக்கு. சென்ட்ரிங், கான்கிரீட், பீம், லிண்டல், பிளம்பர், டைல்ஸ் எனக் கடனாக வந்து நிலைத்தவை மற்றோர் அடுக்கு. பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் ஆக்கித் தந்தவை மூன்றாம் அடுக்கு. பணி விவரிப்பில் எதனைக் கொள்வது என்பதற்குத் தூய்மை அளவுகோல் ஆகாது. படிக்கக் கேட்பவர் அச்சொல்லைக் கேட்டதும் எப்பொருளைக் கையில் எடுப்பார் என்பதே அளவுகோல். நீராற்றல் என்பது நல்ல ஆக்கம். ஆனால் களத்தில் ‘தண்ணீர் விடுதல்’ என்றே சொல்வர். விவரிப்பில் பின்னதே முதலிடம் பெற வேண்டும்.

எனினும் களச்சொல் என்பதாலேயே தெளிவு வந்துவிடாது. சென்ட்ரிங் என்னும் ஒரே சொல் முட்டு நிறுத்துதல், பலகை அல்லது தகடு பரப்புதல், இடுக்கடைத்தல், எண்ணெய் பூசுதல், கான்கிரீட் இறுகியபின் பிரித்தல் ஆகிய அனைத்தையும் தழுவுகிறது. இவற்றுள் பிரித்தல் பெரும் ஆபத்து நிறைந்தது. கான்கிரீட் பற்றிய 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 456, சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளும், அதற்கு மேற்பட்டவற்றை 14 நாளும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரங்களின் முட்டுகளை 21 நாளும் நிறுத்தி வைக்கச் சொல்கிறது. ‘சென்ட்ரிங் வேலை செய்தல்’ என்னும் விவரிப்பில் இந்நாள்களுக்கு இடமில்லை. களச்சொல்லைத் தலைப்பாக வைத்து, அதனுள் அடங்கும் வினைகளைத் தனித்தனியே பிரித்துக் காலமும் வினைமுதலும் சேர்த்து எழுதுவதே முறை.

ஒரு பொருளுக்கு ஒரு சொல்லையே விவரிப்பு முழுவதும் கையாள வேண்டும். உத்திரம், பீம் என இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் அவை இருவேறு பொருள்கள் என எண்ண இடமுண்டு. கூறியது கூறல் குற்றமாகக் கருதப்படும் இலக்கிய நடைப்பயிற்சி இங்கு உதவாது. இங்கே சொல் மாறாமையே குணம்.

7. அளவும் வரம்பும்

எட்டு முதனிலைகளோடு இக்காலப் பணி விவரிப்புக்கு அளவு, வரம்பு என்னும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டியுள்ளது. அளவைச் செயப்படுபொருளின் அடையாகக் கொள்ளலாம். களத்தில் அளவைகள் பல முறைகளில் கலந்து வழங்குகின்றன. மணல் 100 கன அடி கொண்ட யூனிட்டிலும், தளப்பரப்பு 100 சதுர அடி கொண்ட சதுரத்திலும் சொல்லப்படும். கம்பியின் விட்டம் மில்லிமீட்டரில் வரும். 20 மில்லிமீட்டர் ஜல்லியை முக்கால் ஜல்லி என்றும், 40 மில்லிமீட்டர் ஜல்லியை ஒன்றரை ஜல்லி என்றும் அங்குலக் கணக்கில் அழைப்பர். தச்சர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்பர். விவரிப்பு இவற்றுள் ஒன்றைத் திணிக்க வேண்டியதில்லை. ‘20 மில்லிமீட்டர் ஜல்லி, அதாவது முக்கால் ஜல்லி’ என முதன்முறை இணைத்துக் காட்டினால் வரைபடம் படிக்கும் பொறியாளரும் சட்டி சுமப்பவரும் ஒரே பொருளை உணர்வர்.

வரம்பு என்பது செய்ய வேண்டாதவற்றைக் கூறுவது. எதிர்மறை முற்றுகள் பணி விவரிப்புகளில் அரிதாகவே காணப்படுகின்றன. கட்டுமானத் தொழிலாளர்க்கான 1998ஆம் ஆண்டின் நடுவண் விதிகள், ஆண் ஒருவர் 55 கிலோவுக்கு மேலும் பெண் ஒருவர் 30 கிலோவுக்கு மேலும் தனியே சுமக்கலாகாது என வகுத்தன. சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. ‘பொருள்களைக் கையாளுதல்’ என்னும் தொடரின்கீழ் ஒரு பெண்ணை மூட்டை தூக்கச் சொன்னால் அது விதிமீறலாகும். ஆனால் அத்தொடரில் மீறல் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. ‘சிமெண்டு மூட்டையைச் சித்தாள் தனியே தூக்க மாட்டார்’ என்னும் ஒரு வரி அதனைப் புலப்படுத்தும்.

‘தேவைப்படும் பிற பணிகள்’, ‘முதலியன’, ‘இன்னபிற’ ஆகியன வரம்பை அழிக்கும் சொற்கள். சிறு கட்டடங்களில் ஒருவரே பல வேலை செய்ய நேர்வது இயல்பு. பிற பணிகளுக்கு முற்றாக இடமளிக்காமல் எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அவ்விடத்தில் பிற பணியை விலக்காமல் அதன் எல்லையை எழுதலாம்: அதே ஊதியப் பிரிவைச் சார்ந்ததாக, உயரத்தில் நின்று செய்யாததாக, அவர் முன்பு பழகியதாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வெல்லை.

8. ஒரு மாதிரி விவரிப்பு

மேற்கூறிய நெறிகளின்படி, செங்கல் கட்டும் பூச்சும் நிகழும் ஒரு வீட்டுக் கட்டுமானத்திற்கு ஏற்ற மாதிரி கீழே தரப்படுகிறது.

பணி: சித்தாள் – கலவைப் பொறுப்பு.

(அ) சித்தாள் வேலை தொடங்குமுன் அன்றைக்கு வேண்டிய செங்கற்களைத் தண்ணீரில் நனைத்து வைப்பார். பூச்சுக்குரிய மணலைச் சல்லடையில் சலிப்பார்.

(ஆ) கொத்தனார் சொல்லும் விகிதத்தில் சிமெண்டையும் மணலையும் அளவுப்பெட்டியால் அளப்பார். முதலில் உலர்வாகக் கலந்து, பின்னர்த் தண்ணீர் சேர்த்துக் குழைப்பார். மணல் ஈரமாக இருந்தால் அளக்குமுன் கொத்தனாரிடம் சொல்வார்.

(இ) அரைமணி நேரத்திற்குள் தீரும் அளவுக்கே கலவை குழைப்பார். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் தண்ணீர் ஊற்ற மாட்டார். ஊற்றும்படி எவர் சொன்னாலும் மறுக்கலாம்.

(ஈ) கலவையைச் சட்டியில் எடுத்துக் கொத்தனார் நிற்கும் இடத்தில் சேர்ப்பார். ஒருமுறை சுமப்பது 30 கிலோவுக்கு மேற்படாது. சிமெண்டு மூட்டையைத் தனியே தூக்க மாட்டார்.

(உ) மேற்பார்வையாளர் அன்று காலை பார்த்து ஒப்புதல் தந்த சாரத்தில் மட்டும் ஏறுவார்.

(ஊ) புதிய கட்டுக்கும் பூச்சுக்கும் 7 நாள், காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடுவார். விடுமுறை நாளில் இதற்காக வந்தால் அந்நாளுக்குரிய ஊதியத்தை வேலையளிப்பவர் தருவார்.

(எ) வேலை பற்றிக் கொத்தனார் சொல்வதைக் கேட்பார். ஊதியம், விடுப்பு, காயம், விபத்து ஆகியன பற்றி மேற்பார்வையாளரிடம் நேரே பேசுவார்.

இம்மாதிரியில் ஒவ்வொரு கூறும் முதனிலைகளுள் பலவற்றைத் தாங்கியுள்ளது. அரைமணி என்னும் வரையறை, சாதாரண போர்ட்லாந்து சிமெண்டின் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்திற்குக் குறையலாகாது என்னும் தரநிலையை ஒட்டியது. (இ) கூறில் சித்தாளுக்கு மறுக்கும் உரிமை எழுத்தில் தரப்படுகிறது. பொறுப்பு உள்ள இடத்தில் அதனைக் காக்கும் உரிமையும் இருத்தல் வேண்டும். (ஊ) கூறில் இன்னதற்கு, இதுபயன் என்பவற்றைத் தொழிலாளர் நோக்கிலும் எண்ண இடமுள்ளது: தண்ணீர் விடுவதன் பயன் சுவருக்கு, அவ்வுழைப்பின் பயனாகிய கூலி அவருக்கு.

9. படித்துக் காட்டலும் மொழிபெயர்ப்பும்

பணி விவரிப்பைத் தொழிலாளர் தாமே படிப்பார் என்று கொள்வதற்கில்லை. பல இடங்களில் அதனை ஒருவர் படித்துக் காட்டுவார். ஒரே மூச்சில் படித்து முடிக்கத்தக்க தொடர்களும், ஒரு தொடருக்கு ஒரு வினைமுற்றும் அமைந்தால் செவிவழிக் கேட்பவர் நினைவில் நிறுத்த இயலும். எச்சங்களை அடுக்கிச் செல்லும் நெடுந்தொடர் தமிழுக்கு அழகு எனினும், இறுதியில் வரும் முற்றுக்குள் தொடக்கத்தில் சொன்னது மறந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கட்டுமானக் களங்களில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்களும் பெருமளவில் உள்ளனர். தமிழ் விவரிப்பு அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்படும். ‘உதவுதல்’ என்பதை மொழிபெயர்ப்பவர் தாம் எண்ணியதையே சொல்வார். ‘மணலைச் சலிப்பார்’ என்பதை மாற்றிச் சொல்ல இடமில்லை. முதனிலைகள் நிறைந்த தொடர் பிறமொழிக்கும் சிதையாமல் செல்லும்.

விவரிப்பு விரிந்தால் அதுவே தொழிலாளரைக் கட்டிப்போடாதா என்னும் ஐயத்தையும் கருத வேண்டும். விரிவான விவரிப்பைக் கொண்டு, எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் செய்யவில்லை எனக் கூலி பிடிக்க முற்படுவோரும் இருக்கலாம். இதனைத் தடுக்க, விவரிப்பை எழுதும்போது அவ்வேலை செய்பவரையே கேட்டு எழுதுவதும், எழுதியதை அவர்முன் படித்துத் திருத்துவதும், ஒரு படியை அவர் கையில் தருவதும் இன்றியமையாதன. இரு தரப்பிலும் ஒரே உரை இருக்கும்போது அதனை ஒருவர் மட்டும் ஆயுதமாக்க இயலாது.

10. முடிவுரை

பணி விவரிப்பின் தெளிவு எளிய சொற்களால் மட்டும் வருவதன்று. ‘உதவுதல்’ எளிய சொல்லே, ஆயினும் தெளிவற்றது. தொழிலின் முதனிலைகள் குன்றாமல் நிற்பதால் வருவது தெளிவு. வினைமுதலை மறைக்காத முற்று, களத்தில் வழங்கும் பெயர், எண்ணால் குறித்த அளவு, எதிர்மறையால் குறித்த வரம்பு ஆகிய நான்கும் அதற்குத் துணையாகின்றன. இவை யாவும் தமிழ் இலக்கண மரபுக்குள்ளேயே கிடைப்பவை.

தமிழ்த்துறைகள் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. வட்டாரந்தோறும் கம்பி, தச்சு, கொத்து, பூச்சு, சாரம் ஆகிய வேலைகளின் வினைச்சொற்களைத் தொகுக்க வேண்டும். பெயர்ச்சொற்களைத் தொகுத்த அளவுக்குத் தொழில்வினைகள் தொகுக்கப்படவில்லை. அத்தொகுப்பைக் கொண்டு மாதிரி விவரிப்புகளை உருவாக்கித் தொழிலாளரிடம் படித்துக் காட்டித் திருத்தலாம். பயன்பாட்டுத் தமிழ் பயிலும் மாணவர்க்கு இது தகுந்த களப்பயிற்சியாகும். சித்தாள் என்ன செய்கிறார் என்னும் வினாவுக்கு அவர் வாயிலிருந்தே வரும் வினைமுற்றுகளைக் குறித்துக்கொள்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.